கருக்கல், பதிப்பு மூன்று

பெயர் வைப்பதற்காக ஒரு கூட்டம் போட்டது பொழில் சிஸ்டம்ஸில் அதுதான் முதல் தடவை. மே மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. மேலகரத்தில் குற்றாலம் ரோட்டை ஒட்டிய மாடி. ஏசி சரியாக வேலை செய்யாத அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: கம்பெனியை நடத்தும் நாசர், பதினோரு வருஷமாக அங்கே இருக்கும் குத்தாலிங்கம், அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த வித்யாலட்சுமி.

பொழில் செய்து விற்பது ஒரு சின்னப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். புளியங்குடியில் எலுமிச்சை அடுக்கியிருக்கும் குளிர் அறையில் சூடு ஏறினால் கமிஷன் கடைக்காரருக்குப் போன் அடிக்கும். வாசுதேவநல்லூர் பக்கம் கிணற்று மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்திவிடும். செங்கோட்டைக்கு மேலே தோட்டங்களுக்குள் இருக்கும் தனியார் அருவிகளில், மலையில் தண்ணீர் கூடினால் சைரன் அடிக்கும். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருப்பது லினக்ஸை வைத்து இவர்களே கட்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் முதலில் எழுந்திருப்பது ஒரே ஒரு புரோகிராம். மற்ற எல்லாவற்றையும் அதுதான் ஒவ்வொன்றாக எழுப்பிவிடும். ஆரம்ப காலத்தில் அதை எழுதியவர் குத்தாலிங்கம். விடிவதற்கு முன்னால் ஆள் முகம் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நேரத்துக்கு அவர் ஊரில் சொல்லும் சொல்லையே அதற்கும் வைத்திருந்தார். கருக்கல்.

கருக்கலுக்கு வயதாகிவிட்டது. எழுப்பிவிட்ட புரோகிராம் பாதியில் விழுந்தால் திரும்ப எழுப்ப அதற்குத் தெரியாது. வித்யாவும் அவளோடு வேலை பார்க்கும் புவனேஷும் ஆறு மாதம் உட்கார்ந்து அதே வேலைக்குப் புதிதாக ஒன்றை எழுதி முடித்திருந்தார்கள். என்ன பெயரில் அதைப் பேக்கேஜாக, பெட்டிகள் இறக்கிக்கொள்ளும் கட்டாக, வெளியே விடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பெட்டிகளுக்குப் பெயர்தான் எல்லாம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டியும் கம்பெனி சர்வரிடம், என்னிடம் இருக்கும் இன்ன பெயர்ப் பேக்கேஜுக்குப் புதுசு வந்திருக்கிறதா என்று கேட்கும். அதே பெயரில் வந்திருந்தால் யாரையும் கேட்காமல் இறக்கி, பழையதை எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளும். வேறு பெயரில் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆள்தான் பார்த்துப் போட வேண்டும்.

"புதுசுக்கும் கருக்கல்னே வச்சிருவோம் சார். பதிப்பு மூணு," என்றாள் வித்யா. "முப்பத்தெட்டு பேக்கேஜ் கருக்கலைத்தான் நம்பி இருக்கு. பேர மாத்துனா அத்தனையையும் மாத்தணும். பெட்டி பெட்டியாப் போயி வேற போடணும். சாரல் சீசனுக்குள்ள முடியவே முடியாது."

நாசர் குத்தாலிங்கத்தைப் பார்த்தார். குத்தாலிங்கம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"அது நான் எழுதுனதில்ல. அதுக்கு எதுக்குக் கருக்கல்னு பேரு?"

"வேலை அதே வேலைதான அண்ணாச்சி."

"கருக்கல்னா வெளிய நம்ம ஆளுங்களுக்கு நான்தான். நாளைக்கு அது படுத்துக்கிட்டா என்னையத்தான் கூப்பிடுவான். நீங்க விடிவுன்னு ஒரு பேரு வச்சிருந்தீயல்லா, அதையே போடுங்க. பழசு அங்கனயே கெடக்கட்டும். புதுசு பக்கத்துல வரட்டும். ஒவ்வொரு எடமாப் பாத்து மாத்திக்கிடலாம்."

"ஏன் பழசு கெடக்கணும்? அதைச் சொல்லுங்க."

"பதினோரு வருசம் ஓடிருக்குல்லா."

"அது காரணம் இல்லயே அண்ணாச்சி."

அவர் வாயைத் திறந்தார். பிறகு பேனா மூடியை அழுத்தி மாட்டினார். "நான் சொல்லத சொல்லிட்டேன். இதுக்கு மேல உங்க பிரியம்."

போன வருஷம் அந்தப் பொறுப்பு அவருக்கு வராமல் தனக்கு வந்ததிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை என்பது வித்யாவுக்குத் தெரியும். தன் பெயரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பேசுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நாசரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஜூன் ஐந்தாம் தேதி கருக்கல் பதிப்பு மூன்று சர்வரில் ஏறியது. ஒரு வாரத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டன. ஆபீஸ் திரையில் எல்லா வரிசையும் பச்சையாக இருந்தது. நாசர் எல்லாருக்கும் பார்டர் கடைப் புரோட்டா வாங்கிக்கொடுத்தார். குத்தாலிங்கம் வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் போய்விட்டார்.

பதினான்காம் தேதி காலை வித்யாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. குண்டாறுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்துக்குள் இருக்கும் தனியார் அருவியில் காவல் பார்க்கும் மாடன்.

"மேடம், நான் அருவித் தோட்டத்துல இருந்து பேசுதேன். நம்ம சைரன் தெனம் காலம்பற ஆறு மணிக்குச் சோதனைக்கு ஒரு வாட்டி அடிச்சு நிக்கும்லா. ரெண்டு நாளா அடிக்கல."

"இருங்க அண்ணாச்சி, பாத்துச் சொல்லுதேன்."

அவள் திரையில் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தாள். கருக்கல், பதிப்பு மூன்று, ஓடுகிறது. எல்லாம் பச்சை. மேலே ஓடையில் இருக்கும் தண்ணீர் மட்டக் கருவியிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன.

"பெட்டி நல்லாத்தான் ஓடுது. ஹாரனுக்குப் போற வயர்ல எங்கயாவது விட்டிருக்கும். குரங்கு கடிச்சிருக்கான்னு பாருங்க."

"வயரப் பாத்தேன் மேடம். நல்லாத்தான் இருக்கு."

"துரு ஏறியிருக்கும். எலக்ட்ரீஷியன வரச்சொல்லிப் பாத்திருங்க."

"சரிங்க மேடம்," என்றார் மாடன். அந்தச் 'சரி'யில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது அப்போதே அவளுக்குக் கேட்டது. அடுத்த அழைப்பு வந்துவிட்டது, எடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாடன் மறுபடி கூப்பிட்டார். அன்று போனை எடுத்தது புவனேஷ். அவனும் திரையைப் பார்த்தான். பச்சை. எலக்ட்ரீஷியன் வந்தாரா என்று கேட்டான். திங்கட்கிழமை வருகிறார் என்றார் மாடன். சரி, வந்து பார்த்ததும் சொல்லுங்கள் என்று புவனேஷ் வைத்துவிட்டான். மதியச் சாப்பாட்டின்போது வித்யாவிடம் அதைச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு மலைமேல் மழை கொட்டியது. கீழே தோட்டத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அருவியில் அறுபது பேருக்கு மேல் குளித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக மேலே தண்ணீர் ஏறிய நிமிஷமே சைரன் அடித்துவிடும். தண்ணீர் கீழே வந்து சேர ஏழெட்டு நிமிஷம் ஆகும். ஆட்களை வெளியேற்ற அது போதும். அன்று எதுவும் அடிக்கவில்லை.

மாடன் பார்த்தது தண்ணீரின் நிறத்தை. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் ஓரம் பழுப்பாக மாறியது. இலைச் சருகு சேர்ந்து வந்தது. அவர் விசிலை ஊதிக்கொண்டே பாறைமேல் ஓடினார். சனிக்கிழமைக் கூட்டம், சத்தம். பாதிப் பேருக்கு விசில் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தார், முதுகில் தள்ளினார். ஒருவர் அவரை அடிக்கவே வந்தார். கடைசியாக மாஜிதா என்று ஒரு பெண், கடையநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நகர முடியாமல் நின்றாள். அவளைப் பாறைமேல் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் வந்துவிட்டது. அதோடு வந்த மரக்கட்டை மாடனைக் கம்பியோடு சேர்த்து அடித்தது. நூறடிக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் அவரைக் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

வித்யா ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கேள்விப்பட்டாள். கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கோட்டை ரோட்டில் போனாள். போகிற வழியில் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவர் எதுவும் கேட்காமல் "நானும் வாரேன்" என்றார். அவளுக்கு முன்னாலேயே தோட்டத்து வாசலில் வந்து நின்றார்.

அருவியை மூடியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற அறையின் பின்சுவரில் பெட்டி இருந்தது. வித்யா லேப்டாப்பை இணைத்தாள். முதலில் வயரைத்தான் சோதித்தாள். ஹாரனுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்ததும் மலையே அதிர அது அலறியது. தோட்டத்து வேலையாட்கள் நாலைந்து பேர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். வயரில் எந்தக் குறையும் இல்லை.

பிறகு பெட்டிக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தாள். மட்டத்தை அளக்கிற புரோகிராம் ஓடியது. எண்களை ஆபீசுக்கு அனுப்புகிற புரோகிராம் ஓடியது. சைரன் அடிக்கிற புரோகிராம் பட்டியலிலேயே இல்லை. அதை யாரும் எழுப்பவில்லை.

"இது எப்படி? எழுப்ப வேண்டிய எல்லாத்தையும் நாங்க ஒரே போல்டர்ல இருந்து எடுத்து மாத்துனோமே. சைரனும் அதுல இருக்கணும்லா," என்றாள்.

குத்தாலிங்கம் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "போல்டர்ல இருக்காது. கருக்கலோட செட்டிங்ஸ் ஃபைலப் பாரு. பழச ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கும்."

அவள் அந்தக் காப்பியைத் திறந்தாள். கடைசியில், மற்ற வரிகளோடு ஒட்டாமல், சைரனை எழுப்புகிற ஒரு வரி கையால் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே குறிப்பாக, 'தற்காலிகம் - கு.லி.' என்று ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. புதிய பேக்கேஜ் அதே பெயரில் வந்ததால் அதே செட்டிங்ஸ் ஃபைலுக்கு உரிமை கொண்டாடி, தன்னுடையதை வைத்துவிட்டுப் பழையதைக் காப்பியாக ஒதுக்கிவிட்டது. வேறு பெயரில் வந்திருந்தால் அந்த ஃபைலைத் தொட்டே இருக்காது.

வித்யா திரும்பிப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியும்."

"அன்னைக்கு இங்கன மழை. சைரன் அவசரமா ஓடணும்னு தோட்டக்காரர் நின்னாரு. முறைப்படி செய்ய ஒரு நாள் ஆகும். அப்புறமா வந்து சரி பண்ணிக்கிடலாம்னு இதுல ஒரு வரி போட்டேன். அப்புறம் வரவே இல்ல."

"மீட்டிங்ல ஏன் சொல்லல?"

"பதினோரு வருசம் எழுதுனவன், இப்படியா வேல செஞ்சு வச்சிருக்கான்னு நீ கேப்பே. அதுவும் நாசருக்கு முன்னால. பேர மாத்தச் சொன்னா போதும், பழசு அப்படியே கெடக்கும், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். பேரு மாறலன்ன பெறகும் சொல்ல வாய் வரல."

"உங்க பேருக்காகப் பேசுதீயன்னுல்லா நான் நெனச்சேன்."

"நான் அப்படித்தான பேசுனேன்."

வித்யா அவர் பக்கம் திரும்பினாள். "இத மாதிரி வேற எங்க போட்டிருக்கீங்க?"

"இதோட சேத்து ஏழு எடம்."

அந்த அறையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மற்ற ஆறு இடங்களுக்கும் போன் போட்டார்கள். குத்தாலிங்கம் ஊரையும் ஆளையும் சொல்லச் சொல்ல வித்யா பேசினாள். இன்னொரு தனியார் அருவி இருந்தது; இன்றைக்கு யாரையும் குளிக்க விட வேண்டாம், காரணம் எங்கள் புரோகிராமில் தப்பு என்று சொன்னாள். புளியங்குடியில் ஒரு குளிர் அறை. எலுமிச்சையை உடனே போய்ப் பாருங்கள் என்றாள். வாசுதேவநல்லூரில் இரண்டு மோட்டார். ஐந்தாவது ஆள் எடுக்கவே இல்லை; அவருடைய மச்சானைத் தேடிப் பிடித்துச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் "பெட்டியில பச்சை லைட்டு எரியத்தான செய்யுது" என்றார்கள். "பச்சைய நம்பாதீங்க" என்று அவள் ஆறு பேரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை நாசர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். செங்கோட்டையிலிருந்து போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது. என்ன கோளாறு என்று எழுதிக் கேட்டிருந்தார்கள்.

"வித்யா, நீ அன்னைக்கே வயரப் பாக்கச் சொல்லிட்ட. அது போன்ல பதிவாகியிருக்கு. எலக்ட்ரீஷியன அவங்க கூப்பிட லேட் பண்ணிட்டாங்க. நான் பொய் சொல்லச் சொல்லல. இத மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும்."

"வயர்ல ஒண்ணும் இல்ல சார்."

"அது நமக்குத் தெரியும். இங்க இருபத்தாறு பேரு வேல பாக்காங்க. அதையும் யோசி."

அவள் அன்று முழுக்க யோசித்தாள். நாசர் கெட்டவர் இல்லை. புவனேஷுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வயரைப் பார்க்கச் சொன்னேன் என்று மட்டும் எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது என்பதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. மறுநாள் காலை இரண்டு பக்கம் எழுதினாள். பெயரை யார் முடிவு செய்தது, ஏன் செய்தது, செட்டிங்ஸ் ஃபைல் எப்படிப் போனது, இரண்டு தடவை போன் வந்தும் திரையை மட்டும் பார்த்தது, எல்லாம் எழுதினாள். முதல் வரியில் தன் பெயரைப் போட்டாள். குத்தாலிங்கம் அதை வாங்கிப் படித்தார். தன்னைப் பற்றி அவள் கொஞ்சம் மழுப்பி எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, "ஆறு வருடமாக மறைத்தேன்" என்று தன் கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

நாசர் அதை இரண்டு தடவை படித்தார். "குடுத்திரு," என்றார். அதோடு கதவைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மாடனின் மனைவி முப்பிடாதியம்மாள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மாடன் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் சட்டென்று தட்டையாகிவிடுவதை வித்யா பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"பெட்டி கம்பெனில இருந்து வாரேன். நான்தான் அன்னைக்குப் போன்ல பேசுனது."

"மேடம்னு சொல்லுவாவளே, அது நீங்களா?"

"ஆமா. தப்பு வயர்ல இல்ல. நாங்க அனுப்புன புரோகிராம்ல. பழைய பேருலயே புதுச அனுப்பிட்டோம். அதனால சைரன் நின்னதே எங்களுக்குத் தெரியல. எங்க திரையில எல்லாம் சரின்னு காட்டிச்சு."

முப்பிடாதியம்மாள் அதைப் புரிந்துகொள்ள முயன்றாள். "பேரா?"

"ஆமா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா அவுக உங்களுக்கு ரெண்டு வாட்டி போன் போட்டாவ. எனக்கு முன்னாலதான் போட்டாவ. ஊளைச் சத்தம் வரலன்னு சொன்னாவல்லா?"

"சொன்னாங்க."

"அவுக காதுல கேட்டதச் சொன்னாவ. நீங்க எதையோ பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டீய." அவள் குரலை உயர்த்தவில்லை. "வாரதுக்கு ஒரு மணி நேரந்தான ஆகும் இங்கனக்குள்ள?"

"அவ்வளவுகூட ஆகாது," என்றாள் வித்யா.

"ஆமா," என்றாள் முப்பிடாதியம்மாள். உட்காரச் சொல்லவில்லை. பாயின் சுருங்கிய ஓரத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். வித்யா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். மூன்றாம் பதிப்பைச் சர்வரிலிருந்து எடுத்தார்கள். பெட்டிகள் பழைய கருக்கலுக்குத் திரும்பின. புதியது விடிவு என்ற பெயரில் தனிப் பேக்கேஜாக வந்தது. அது தானாக எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. முப்பத்தெட்டு பேக்கேஜ்களையும் மாற்ற ஐந்து வாரம் ஆனது. புவனேஷ் கல்யாணத்துக்கு எடுத்த லீவைக் குறைத்துக்கொண்டான். இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள். அருவி வழக்கு செங்கோட்டைக் கோர்ட்டில் இருக்கிறது. வித்யா எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை வைத்துத்தான் அது நடக்கிறது. குத்தாலிங்கம் ராஜினாமா கொடுத்தார். ஏழு இடத்தையும் சரி செய்யாமல் போகக் கூடாது என்று வித்யா அதை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அந்த இடங்களுக்கு ஒரே வண்டியில்தான் போகிறார்கள்.

அக்டோபரில் அருவித் தோட்டத்துக்குப் போனார்கள். ஏழில் கடைசி இடம் அது. பெட்டி வழக்கில் இருந்ததால் கோர்ட்டில் அனுமதி வாங்க அவ்வளவு நாள் ஆகிவிட்டது. மாடன் டிக்கெட் அறையில் உட்கார்ந்திருந்தார். அருவியை மறுபடி திறந்தபோது தோட்டக்காரர் அவரை அங்கே மாற்றியிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் வித்யா மூன்று தடவை போன் செய்திருந்தாள். மூன்று தடவையும் எடுத்தது முப்பிடாதியம்மாள்தான்.

"வாங்க," என்றார் மாடன். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் பெட்டிக்கு வழிவிட்டார்.

வேலை முக்கால் மணி நேரம் ஆனது. மலையில் ஏறி மட்டக் கருவியை வாளித் தண்ணீரில் முக்கிச் சோதித்துவிட்டு வந்தார் குத்தாலிங்கம். கீழே சைரன் அடித்தது. வித்யா வேலை முடிந்ததற்கான தாளை எடுத்தாள். தோட்டத்துச் சார்பில் மாடன் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் தாளை வாங்கி முழுசாகப் படித்தார். "விடிவுன்னு போட்டிருக்கு. முன்ன இருந்தது?"

"அதும் உள்ளதான் இருக்கு. இது நின்னா அது வேலைய எடுத்துக்கிடும். நீங்க சொல்லுத வரைக்கும் பழச எடுக்க மாட்டோம்."

மாடன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ரெண்டு மழ போகட்டும். தண்ணி வந்து நான் கண்ணால பாத்தப் பெறகு கையெழுத்துப் போடுதேன்."

"தாள் இன்னைக்கே வேணும்னு நாசர் சார் சொல்லியிருக்காரு," என்று குத்தாலிங்கம் ஆரம்பித்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் வித்யா. மாடனிடம், "மழைக்கு நானே வாரேன். நீங்க கூப்பிடுங்க," என்றாள்.

சுற்றுலாப் பயணிகளோடு இரண்டு ஜீப்புகள் வாசலில் வந்து நின்றன. மாடன் டிக்கெட் புத்தகத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.